சராசரிக்குச் சிக்காத காரீயம்

1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று காற்று மாசு பற்றிச் சாட்சியம் கேட்டது. குழுவின் தலைவர் மெய்ன் மாநிலச் செனட்டர் எட்மண்ட் மஸ்கி. பெட்ரோலில் கலக்கப்படும் காரீயத்தைப் பற்றிப் பேச வந்தவர்களில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நேர் எதிர். ஒருவர் ராபர்ட் கீஹோ. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கெட்டரிங் ஆய்வகத்தை நடத்தியவர். நாற்பது ஆண்டுகளாகக் காரீயத்தையே ஆராய்ந்த மருத்துவர். மனித உடம்பில் காரீயம் இருப்பது இயற்கை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 80 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் நோய், பொதுமக்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இன்னொருவர் கிளேர் பேட்டர்சன். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பாறைகளை ஆராய்ந்த வேதியியலாளர். அமெரிக்கர்களின் உடம்பில் சேர்ந்திருக்கும் காரீயம் இயற்கையில் இருந்திருக்க வேண்டிய அளவைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு என்று முந்தைய ஆண்டுதான் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்.

இருவரையும் அடுத்தடுத்துக் கேட்கும் நியாயமான ஆள் என்ன நினைப்பார்? கீஹோவின் ஆய்வகத்துக்குத் தொழில்துறைப் பணம் வருகிறது. கொஞ்சம் குறைத்துச் சொல்வார். பேட்டர்சனுக்கு ஆவேசம் அதிகம்; கொஞ்சம் கூட்டிச் சொல்வார். இரண்டையும் தட்டிக் கழித்தால் உண்மை நடுவில் எங்காவது கிடக்கும். பக்குவம் என்று நாம் பாராட்டுவது பெரும்பாலும் இதைத்தான். தொலைக்காட்சி விவாதத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் நெறியாளர் செய்வதும் இதுவே.

1979இல் பேட்டர்சனும் அவருடைய சகாக்களும் பெரு நாட்டுப் பழங்குடிகளின் பண்டைய எலும்புகளில் இருந்த காரீயத்தை அளந்து வெளியிட்டார்கள். காரீயத்தை உருக்கத் தெரியாத சமூகத்தின் எலும்புகள் அவை. இன்றைய மனித எலும்பில் அதைப்போல் பல நூறு மடங்கு காரீயம் இருந்தது. 1965இல் பலர் மிகை என்று ஒதுக்கிய 100 மடங்கு, உண்மையில் குறைத்துச் சொன்ன கணக்கு. உண்மை நடுவிலும் இல்லை, பேட்டர்சன் நின்ற ஓரத்திலும் இல்லை; அவரையும் தாண்டி இருந்தது.

(ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வருகிறவர்களுக்கு: அது வெள்ளீயம். இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றி. மலிவுக்காக இதை அதில் கலந்து விற்பது வேறு கதை.)

பாறைக்காரர் ஒருவர் மனித ரத்தத்தைப் பற்றிப் பேச வந்தது தற்செயல் இல்லை. அவர் வந்த வழியிலேயே இன்னொரு பெரிய சர்ச்சை கிடந்தது. அதிலும் நடுவழிக்காரர்கள் தோற்றிருந்தார்கள்.

பூமியின் வயது என்ன என்பது 19ஆம் நூற்றாண்டில் கொதித்த கேள்வி. நிலவியலாளர்களில் பலர் காலத்துக்குக் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. மலை தேய்ந்து மணலாக எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு இருந்தது என்றார்கள். டார்வின் 1859இல் தெற்கு இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படவே 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, விமரிசனம் வந்ததும் பிந்தைய பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார். எதிர்ப்பக்கம் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. உருகிய உருண்டையாகப் பிறந்த பூமி ஆறிக்கொண்டு வருகிறது. சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு கூடும் வீதம் தெரியும். ஆறத் தொடங்கி எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடலாம். 1862இல் அவர் சொன்ன வரம்பு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டு. அதற்குள் தோதான எண் என்று அவர் கண்டது 10 கோடிக்குச் சற்றுக் குறைவு.

அந்தக் காலத்தில் கெல்வினோடு மோதுவது சாதாரணம் இல்லை. கணிதம் அவர் கையில் இருந்தது. ஆர்ச்சிபால்ட் கீக்கி போன்ற மூத்த நிலவியலாளர்கள் தங்கள் முடிவில்லாக் காலத்தை விட்டுக்கொடுத்து, 10 கோடி ஆண்டுக்குள் பாறைகளை அடக்கிக்கொள்ளப் பழகினார்கள். சமரசம் ஆகிவிட்டது போலிருந்தது. ஆனால் கெல்வின் அங்கே நிற்கவில்லை. அவர் எண் சுருங்கிக்கொண்டே போய் 1897இல் 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையில் வந்து நின்றது. பாதி வழி வந்தவர்களை அவர் இன்னும் பாதி வழி வரச் சொன்னார். கீக்கி அப்போதுதான் முரண்டினார். 1899இல் ஜான் ஜாலி கடலில் சேர்ந்திருக்கும் உப்பை ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் அளவோடு ஒப்பிட்டு 8 முதல் 9 கோடி என்றார். தனி வழியில் வந்த இன்னொரு கணக்கும் 10 கோடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பலருக்கு அது பெரிய ஆறுதல்.

விவாதத்தின் அடித்தளத்தில் கை வைத்தவர் ஜான் பெரி. பொறியாளர், ஒருகாலத்தில் கெல்வினிடமே உதவியாளராக இருந்தவர். 1895இல் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பூமி முழுதும் ஒரே சீராக வெப்பத்தைக் கடத்துகிறது என்று எப்படித் தெரியும்? உட்பகுதி மேலோட்டைவிட நன்றாக வெப்பம் கடத்தினால், அல்லது உள்ளே குழம்பு போல் மெல்லப் புரண்டுகொண்டிருந்தால், அடியிலிருந்து சூடு மேலே வந்துகொண்டே இருக்கும். மேலே ஏறும் வெப்பச் சரிவை வைத்துக் கணக்கிட்ட வயது பல மடங்கு கூடிவிடும். கதிரியக்கம் தெரியாததால் கெல்வின் தவறினார் என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. பெரிய ஓட்டை பெரி காட்டிய இடத்தில்தான் இருந்தது என்பது பின்னால் நடந்த மறுகணக்குகளின் முடிவு. கதிரியக்கம் செய்த பெரிய உதவி வேறு: அது கடிகாரம் தந்தது. யுரேனியம் சிதைந்து காரீயமாகும் வேகம் தெரிந்ததும், 1907இல் பெர்ட்ரம் போல்ட்வுட் பாறைகளுக்கு 41 கோடி முதல் 220 கோடி ஆண்டு வரை வயது சொன்னார். ஐம்பது ஆண்டுகளாகச் சண்டையிட்ட எண்கள் அத்தனையும் ஒரே மூலையில் குவிந்து கிடக்க, விடை வெகு தொலைவில் இருந்தது.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். 1897இல் நடுநிலையான ஆள் எந்த எண்ணைச் சொல்லியிருப்பார்? முடிவில்லாக் காலத்துக்கும் 2 கோடிக்கும் நடு என்று ஒன்று கிடையாது. ஆகவே அவர் மரியாதைக்குரியவர்கள் சொன்ன எண்களை மட்டும் வரிசைப்படுத்தி, அவற்றின் நடுவை எடுத்திருப்பார். 6 கோடி, 7 கோடி என்று ஏதோ வந்திருக்கும். அந்த எண் அன்றைய விஞ்ஞானிகளைப் பற்றிய தகவல். அதில் பூமியைப் பற்றி ஒன்றும் இல்லை.

கடைசி எண்ணைத் தந்தவர் பேட்டர்சன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை அது. இரும்பு விண்கற்களில் யுரேனியம் ஏறக்குறைய கிடையாது. எனவே அவற்றில் உள்ள காரீயம் சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த விகிதத்திலேயே உறைந்திருக்கும். அதை அளந்தால் கடிகாரத்தின் ஆரம்ப நேரம் கிடைக்கும். அரிசோனாவில் பெரும் பள்ளம் தோண்டி விழுந்த கேன்யன் டயப்லோ விண்கல்லின் துண்டு கையில் இருந்தது. தொல்லை, எதை அளந்தாலும் காரீயம் அளவுக்கு மீறிக் காட்டியது. கண்ணாடிக் குடுவையில் காரீயம், குழாய்த் தண்ணீரில் காரீயம், சுவர் வண்ணத்தில் காரீயம், அமிலத்தில் காரீயம், தூசியில், அளப்பவரின் தலைமுடியில். கலிஃபோர்னியாவுக்கு வந்தபின் அவர் தனி அறையே கட்டினார். வடிகட்டிய காற்றை உள்ளே அழுத்தி வைத்தார். வெளித்தூசி கதவிடுக்கு வழியாக நுழையக்கூடாது. அமிலங்களைத் தானே திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். 1953இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் நிறை நிறமாலைமானியில் விண்கல்லின் காரீயத்தை அளந்தார். 1956இல் வெளியான எண்: 455 கோடி ஆண்டு, கூட்டியோ குறைத்தோ 7 கோடி. இன்றுவரை அது கிட்டத்தட்ட அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு ஓய்ந்திருப்பார்கள். பேட்டர்சனை உறுத்தியது, இத்தனை காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

நடுவை நம்புவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அதை எடுத்துச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. 1906இல் பிளைமவுத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு எருதின் இறைச்சி எடை எவ்வளவு தேறும் என்று போட்டி வைத்தார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். சரியாக நடுவில் இருந்த ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. கூட்டத்தின் அறிவு என்று இன்று பெருமையாகப் பேசப்படும் செய்தி இது. ஆனால் அங்கே என்ன நடந்தது? கசாப்புக்காரரும் விவசாயியும் வேடிக்கை பார்க்க வந்தவரும் தனித்தனியே ஊகித்தார்கள். சிலர் கூட்டிச் சொன்னார்கள், சிலர் குறைத்துச் சொன்னார்கள். பிழை இரண்டு பக்கமும் சிதறியதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டது. ஆறு பென்னி கட்டி எழுதியவர்கள். சரியாகச் சொன்னால்தான் பரிசு. எருது இளைத்ததாகத் தெரிந்தால் லாபம் என்று யாரும் அங்கே வரவில்லை.

காரீயத்தை அளக்கும் ஆய்வகங்களில் நிலைமை தலைகீழ். அழுக்கு சேர்ந்தால் அளவு கூடும். அழுக்கினால் குறையவே குறையாது. அத்தனை பேருடைய பிழையும் ஒரே பக்கம். நூறு ஆய்வகங்களின் அளவுகளைக் கூட்டி நூறால் வகுத்தால் கிடைப்பது மேலும் உறுதியான தவறு.

பேட்டர்சனும் டோரதி செட்டிலும் 1980இல் வெளியிட்ட டியூனா மீன் ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வகம் சதையில் ஒரு கிராமுக்கு 400 நானோகிராம் அளவில் காரீயம் இருப்பதாகவும், டப்பாவில் அடைத்தபின் 700 ஆவதாகவும் சொல்லியிருந்தது. இரட்டிப்புக்கும் குறைவு, பெரிய கேடில்லை. பேட்டர்சனின் சுத்த அறையில் அதே வகை மீனின் சதையில் 0.3 நானோகிராம் இருந்தது. காரீயத்தால் பற்றவைத்த தகர டப்பாவில் அடைத்த மீனில் 1,400. இரண்டு மடங்காகாத ஒன்று நாலாயிரம் மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 0.3க்கும் 400க்கும் நடு ஏறக்குறைய 200. அப்படி ஒரு மீன் எந்தக் கடலிலும் இல்லை.

இதுவரை சொன்னது நல்லெண்ணத்தோடு நடக்கும் தவறு. பெட்ரோலின் கதையில் நடு என்பதே தயாரிக்கப்பட்டது.

1921 டிசம்பரில் ஒஹாயோவின் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்துப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் காரீயம் என்ற திரவத்தைச் சிறிது பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது என்று கண்டார். 1923இல் விற்பனை தொடங்கியது. விற்ற பெயர் எத்தில். பெயரில் காரீயம் கிடையாது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள், முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில். பத்திரிகைகள் அதைப் பைத்தியக்கார வாயு என்று எழுதின. மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவி, ஆவியை முகர்ந்து காட்டினார். அதற்கு முன் ஆண்டுதான் காரீயம் ஏறிய தன் உடம்பைத் தேற்றிக்கொள்ள அவர் ஃபுளோரிடாவுக்குப் போய்வந்திருந்தார் என்பது அந்த நிருபர்களுக்குத் தெரியாது.

1925 மே 20இல் வாஷிங்டனில் மாநாடு கூடியது. ஹார்வர்டின் தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும் யேல் பல்கலைக்கழக உடலியலாளர் யாண்டல் ஹெண்டர்சனும் எதிர்த்தார்கள். ஆலைக்குள் நடந்த சாவை விட்டுவிடுங்கள், தெருவெங்கும் மெல்லத் தூவப்படும் காரீயம் என்ன செய்யும் என்பதே அவர்கள் கேள்வி. கம்பெனிகள் இது முன்னேற்றத்துக்குக் கிடைத்த வரம் என்றன. இரு தரப்பையும் கேட்ட அரசு நிபுணர் குழு அமைத்தது. விற்பனை தற்காலிகமாக நின்றது. குழு ஏழு மாதத்தில் 252 பேரைப் பரிசோதித்து 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது: தடை செய்யப் போதிய காரணம் இல்லை, விதிகளோடு விற்கலாம், ஆனால் நீண்டகால விளைவைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தொடர வேண்டும்.

படிக்க எவ்வளவு நிதானமான அறிக்கை! ஒரு தரப்புக்கு விற்பனை, மறு தரப்புக்கு ஆராய்ச்சி. விற்பனை மறுபடி தொடங்கி உலகம் முழுதும் பரவியது. ஆராய்ச்சியை அரசு நடத்தவில்லை. அது கம்பெனிகளின் செலவில் கீஹோவின் கைக்குப் போனது. அடுத்த நாற்பது ஆண்டு காரீயத்தைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு ஆய்வகத்திலிருந்து வந்தது.

கீஹோ பொய்த் தரவு தயாரித்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் செய்த தவறு அதைவிட நுட்பமானது. பெட்ரோல் புகை படாத மக்களைத் தேடி 1930களில் மெக்சிகோவின் ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கேயும் மக்கள் உடம்பில் காரீயம் இருந்தது. கார் இல்லாத ஊரிலும் இருக்கிறது என்றால் அது இயற்கைதானே என்று முடிவு கட்டினார். அந்த ஊரார் சமைத்த மண்பாத்திரங்களின் மெருகில் காரீயம் இருந்தது. ஒப்பிட எடுத்த அளவுகோலே அழுக்கு. அதிலிருந்து பிறந்த சாதாரண அளவு என்பது மருத்துவப் புத்தகங்களில் ஏறி உட்கார்ந்தது. பேட்டர்சன் 1965இலும் செனட்டிலும் அடித்தது இந்த இடத்தில்தான்: எல்லாரிடமும் இருக்கிறது என்பதும் இயற்கையில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எல்லாரும் நனைந்திருக்கும்போது பாதி நனைந்தவன் உலர்ந்தவன் ஆகமாட்டான்.

ஆராயும் பணம் ஒரே பக்கம் இருந்தால் கருத்துகளின் ஒரு ஓரத்தை அந்தப் பக்கம் வேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ளலாம். நடுப்புள்ளி தானாக நகரும். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தபோது புற்றுநோய்க்கும் புகைக்கும் தொடர்பே இல்லை என்று வாதாடவில்லை. முடிவாக நிரூபிக்கப்படவில்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றார்கள். வாசகர் அவர்களை நம்ப வேண்டியதில்லை. இரண்டு பக்கம் இருக்கிறது என்று நம்பினால் போதும். விற்பனைக்காரர்களுக்கு இந்த வித்தை கடை அளவிலேயே தெரியும். இடமார் சைமன்சனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1992இல் வெளியிட்ட சோதனையில், 170 டாலர் கேமராவும் 240 டாலர் கேமராவும் மட்டும் வைத்தபோது ஆட்கள் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றைச் சேர்த்ததும் 57 விழுக்காட்டினர் 240க்கு வந்தார்கள். கேமரா மாறவில்லை, அதன் இடம் மாறியது.

காரீயத்தின் பாதுகாப்பு எல்லை நகர்ந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். கீஹோவின் 80, 1960களில் குழந்தைகளுக்கு 60, 1970 வாக்கில் 40, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10. ஒவ்வொரு எண்ணும் அந்தந்தக் காலத்தில் இரு தரப்பையும் கேட்டு எட்டிய நிதானமான முடிவு. ஒவ்வொன்றும் தவறியது, அதுவும் ஒரே திசையில். எருதுச் சீட்டுகளைப் போல இந்தப் பிழைகள் சிதறியிருந்தால் ஒரு தடவையாவது எல்லையைத் தேவைக்கு அதிகமாக இறக்கிவிட்டோம் என்று மறுபடி உயர்த்தியிருக்க வேண்டும். ஒரு தடவைகூட அப்படி நடக்கவில்லை. கூட்டம் கூட்டமாக நிபுணர்கள் ஒரே பக்கம் சறுக்குவதைப் பார்த்தாலே கீழே ஏதோ சாய்ந்திருக்கிறது என்று சந்தேகம் வரவேண்டும்.

அளவைப் பாதியாக்கினால் கேடும் பாதியாகும் என்ற எளிய கணக்கும் இங்கே நிற்கவில்லை. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் பாஸ்டனை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, காரீயம் அதிகம் இருந்த பிள்ளைகளின் ஐ.க்யூ. மதிப்பு குறைந்திருப்பதைக் காட்டினார். அதற்காகப் பின்னாளில் மோசடிக் குற்றச்சாட்டையும் விசாரணைகளையும் சந்தித்து, மோசடி இல்லை என்ற தீர்ப்போடு வெளியே வந்தார். 2005இல் புரூஸ் லேன்ஃபியரும் சகாக்களும் ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 பிள்ளைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தக் காரீயம் 20லிருந்து 30 ஆகும்போது ஐ.க்யூ. 1.1 புள்ளி குறைகிறது. 10லிருந்து 20 ஆகும்போது 1.9, 2.4லிருந்து 10 ஆகும்போது 3.9. பெரிய அடி விழுவது ஆரம்பத்திலேயே. முப்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே பதினைந்தில் ஒப்பந்தம் போட்டவர், கேட்டில் பாதிக்கும் மேலானதை ஏற்றுக்கொண்டு எழுந்து போகிறார்.

நடுவழிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சம்பள உயர்வுப் பேச்சில், பாகப்பிரிவினையில், இரண்டு ஊர் திருவிழா நாளை மாற்றிக்கொள்வதில் நடுவுக்கு வருவது நாகரிகம். அங்கே கண்டுபிடிக்க வேண்டிய உண்மை என்று ஒன்று இல்லை, பங்கு போட வேண்டிய விருப்பங்கள் இருக்கின்றன. குழப்பம் வருவது எல்லைத் தகராறு மாதிரி இடங்களில். அண்ணன் வேலியைத் தள்ளி தம்பி நிலத்தில் பத்து சென்ட் தன்னுடையது என்கிறார். ஊர்ப்பெரியவர் ஆளுக்கு ஐந்து என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சண்டை தீரும். சர்வேயர் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தோடு வந்து கல்லைத் தேடிக் கண்டுபிடித்தால் பத்தும் தம்பியுடையது என்று தெரியலாம். பெரியவர் நடுநிலையாக நடந்ததாக நினைத்திருப்பார். கேட்டவனுக்குக் கேட்டதற்காக ஐந்து சென்ட் கிடைத்தது.

உண்மை சில சமயம் நடுவில் விழுவதும் உண்டு. பேரண்டம் விரியும் வேகத்துக்கு ஆலன் சாண்டேஜ் அணியினர் 50 என்றும் ஜெரார்ட் டி வோகுலர் 100 என்றும் 1970களிலிருந்து பிடிவாதமாக நின்றார்கள். 2001இல் வெண்டி ஃப்ரீட்மன் தலைமையில் ஹபிள் தொலைநோக்கி அணி தந்த விடை 72, கூட்டியோ குறைத்தோ 8. நடுவுக்காரர்கள் ஜெயித்தார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த 72 ஐம்பதையும் நூறையும் கூட்டி வகுத்ததில் வந்ததல்ல. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களில் துடிக்கும் செஃபெய்டு விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்ததில் வந்தது. 1929இல் எட்வின் ஹபிள் சொன்ன முதல் எண்ணோ 500. அந்தக் காலத்தில் நடு எடுத்திருந்தால் எங்கே போய் நின்றிருப்போம்?

ஓரத்தில் தனியாக நிற்பதும் தகுதியல்ல. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதை மறுத்த பீட்டர் டூஸ்பெர்க்கும் தனியாகத்தான் நின்றார். 2000இல் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி ஆலோசனைக் குழு அமைத்து, மறுப்பவர்களையும் மருத்துவர்களையும் சரிசமமாக எதிரெதிரே உட்கார வைத்தார். அந்த இருக்கை வரிசையே தீர்ப்பில் பாதி. வைரஸ் மருந்து தாமதமானதில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். பேட்டர்சனையும் டூஸ்பெர்க்கையும் பிரித்துக் காட்டுவது அவர்கள் நின்ற இடம் இல்லை. பேட்டர்சனின் எண்களை மற்றவர்கள் தங்கள் சுத்த அறைகளில் மறுபடி அளக்க முடிந்தது. கிரீன்லாந்துப் பனியில் ஆண்டுக்கு ஆண்டு படிந்த காரீயம் 1940க்குப் பின் செங்குத்தாக ஏறுவதை யாரும் வெட்டி எடுத்துப் பார்க்க முடிந்தது.

பேட்டர்சன் சொன்னது மற்றவர்களுக்குப் புரிய வெகுகாலம் ஆனது. முன்பு பேட்டர்சனின் கடல் ஆய்வுக்குப் பெட்ரோலியத் துறையின் சங்கம் தந்துவந்த நிதி 1965க்குப் பின் நின்றது. காற்றிலுள்ள காரீயம் பற்றி தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1971இல் அறிக்கை தயாரித்த குழுவில் அவருக்கு இடமில்லை; ஒருவேளை ஓரத்து ஆள் என்பதால். 1980இல் வெளிவந்த அடுத்த அறிக்கைக்கான குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சக உறுப்பினர்கள் கவனமான, எல்லாரும் கையெழுத்திடக்கூடிய அறிக்கை எழுதினார்கள். பேட்டர்சன் கையெழுத்தோடு 78 பக்க மாற்றுக் கருத்தை இணைத்தார். இன்று காரீயத்தைப் பற்றி எழுதுபவர்கள் தேடிப் படிப்பது பெரும்பாலும் அந்த 78 பக்கத்தைத்தான்.

பெட்ரோலிலிருந்து காரீயம் இறங்க இறங்க ரத்தத்திலும் இறங்கியது. 1976 முதல் 1980 வரை அமெரிக்கர்களின் சராசரி 12.8 மைக்ரோகிராம், 1988 முதல் 1991 வரையிலான கணக்கெடுப்பில் 2.8. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் காரீயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000இல் நாடு முழுதும். கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. வீட்டு வண்ணப்பூச்சுக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017இல்.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012இல் ஒரு காரியம் செய்தது. பாதுகாப்பு எல்லை என்று ஒரு எண்ணை அறிவிப்பதையே விட்டுவிட்டு, ஒப்பீட்டு அளவு என்று ஒன்றை வைத்தது: நாட்டின் 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் மேலே வரும் இரண்டரை விழுக்காட்டினர் தொடங்கும் இடம். அப்போது 5 மைக்ரோகிராம். பிள்ளைகள் ரத்தத்தில் அளவு குறையக் குறைய 2021இல் 3.5 ஆனது. யாருக்கு முதலில் உதவி தேவை என்று பிரித்தெடுக்க அது போதும். ஆனால் ஆய்வக அறிக்கையில் 3.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சாதாரணம் என்று அச்சாகி வரும்போது, பெற்றோர் அதைப் பாதுகாப்பு என்றே படிக்கிறார்கள். அந்தத் தாள் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. காரீயம் அதன் மூளையில் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ரத்தக் காரீய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று அந்த மையமே சொல்கிறது.